தொலைவிலிருந்து ஆணையிட்டவர் – நிக்கோலா டெஸ்லா

அமெரிக்க நாட்டில் பெரும்பாலான தனி வீடுகளோடு ஒரு கார் ஷெட் ஒட்டியிருக்கும். கராஜ் என்று அதைச் சொல்வார்கள். கொட்டும் பனியில் வீடு திரும்புகிறவர் காரை விட்டு இறங்குவதில்லை. கையடக்கமான ஒரு சிறு பெட்டியின் பொத்தானை அழுத்துகிறார். எதிரேயுள்ள கனத்த கதவு தானாகவே மேலேறி வழிவிடுகிறது. நம் ஊர்களிலும் இப்போது சில பங்களாக்களின் இரும்புக் கதவுகள் இவ்வாறு நகர்கின்றன. சின்னஞ்சிறு குழந்தைகள் அதைக் கண்டு கைகொட்டி மகிழ்வார்கள். சற்றே சிந்திக்கும் மாணவியோ ஒரு கேள்வி கேட்பாள். பெட்டியிலிருந்து புறப்படும் வானொலி அலை நாலாபுறமும் பரவுகிறதே, பிறகு அடுத்த வீட்டுக் கதவு ஏன் திறப்பதில்லை?

கேள்வி சிறிது, பொருள் பெரிது. அலையைத் தொலைவுக்கு அனுப்புவது ஒரு வித்தை. அந்த அலைக்கு இன்ன கருவி மட்டுமே பணிய வேண்டும், வேறு எவர் அனுப்பும் அலைக்கும் அது அசையக் கூடாது என்று செய்வது அதனினும் கடினமான வித்தை. இவ்விரண்டையும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் எண்ணிப் பார்த்த ஒருவர் இருந்தார். முதல் வித்தையை உலகுக்குக் காட்டிக் கைத்தட்டல் பெற்றார். இரண்டாவதைச் சட்ட ஆலோசனை கேட்டு ஒளித்து வைத்தார். அதனால் அவருக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சமல்ல. அவர்தாம் நிக்கோலா டெஸ்லா. மேல்வகுப்பு மாணவியர் காந்தப் பாய அடர்த்தியின் அலகாக அவர் பெயரை அறிந்திருப்பீர்கள். அலகுக்குப் பின்னே இருந்த மனிதரைப் பற்றி இங்கே சிறிது காண்போம்.

இன்றைய குரோஷியாவில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் எல்லைப் பகுதியில், ஸ்மில்யான் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1856-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் டெஸ்லா பிறந்தார். தந்தை மிலுட்டின், செர்பிய ஆர்த்தடாக்ஸ் சபைக் குருவானவர். அச்சபையில் குருக்கள் மணம் புரிந்து இல்லறம் நடத்துவதுண்டு. நூல்கள் நிறைந்த வீடு. எழுத்திலும் பேச்சிலும் வல்ல தந்தை. ஆனால் டெஸ்லாவின் அறிவுக்கு ஊற்றுக்கண் எது என்று கேட்டால், அவரே சுட்டிக்காட்டியது தாயைத்தான்.

தாய் ஜூக்கா மாண்டிச் பள்ளி வாசலை மிதித்தவரல்லர். சிறுமியாயிருந்தபோதே அவருடைய அன்னைக்குக் கண்பார்வை போயிற்று. மூத்த பெண்ணாகையால் தம்பி தங்கையரை வளர்க்கும் பாரம் அவர் தலையில் விழுந்தது. எழுதப் படிக்கக் கற்கவில்லையே தவிர, கேட்ட செர்பிய வீரகாவியங்களையெல்லாம் நெஞ்சில் நிறுத்தி ஒப்பிக்க வல்லவராயிருந்தார். விடியுமுன் எழுந்து இரவு வெகுநேரம் உழைப்பார். வீட்டு வேலைகளை எளிதாக்கச் சிறு சிறு கருவிகளைத் தாமே எண்ணிச் செய்துகொள்வார். தாம் வளர்த்த செடியின் நாரைத் தாமே நூலாக நூற்று நுண்ணிய வேலைப்பாடுகளை நெய்வார். அறுபது வயதுக்குப் பின்னரும் அவர் விரல்களின் நேர்த்தி குன்றவில்லை என்று மகன் வியந்து எழுதியிருக்கிறார். இந்த அன்னைக்குப் பள்ளிக்கூடமும் ஒரு தொழிற்சாலையும் கிடைத்திருந்தால் என்னவாகியிருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

டெஸ்லாவுக்கு ஓர் அண்ணன் இருந்தான். குடும்பத்தின் கண்மணியான அந்தச் சிறுவன் குதிரை விபத்தில் மாண்டான். அந்தத் துயரத்தின் நிழலில் இளையவன் வளர்ந்தான். தந்தைக்கு மகனைக் குருவாக்க வேண்டுமென்று ஆசை. மகனுக்கோ பொறியியலில் மோகம். 1873-இல் பள்ளிப் படிப்பு முடிந்து ஊர் திரும்பியவரைக் காலரா பிடித்துக்கொண்டது. ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தார். பிழைப்பது அரிது என்றிருந்த வேளையில், நலமடைந்தால் பொறியியல் படிக்க அனுப்புவதாகத் தந்தை வாக்களித்தார். பையன் எழுந்து உட்கார்ந்தான்! தந்தை வாக்குத் தவறவில்லை. 1875-இல் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் டெஸ்லா சேர்ந்தார்.

முதலாண்டில் அவர் படித்த படிப்பைக் கண்டு ஆசிரியர்களே அஞ்சினார்கள். பின்னர் நேர்ந்ததையும் மறைப்பதற்கில்லை. சூதாட்டம் அவரைப் பற்றிக்கொண்டது. பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். தந்தை கண்டித்தும் பலனில்லை. தாய் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாள் ஒரு கட்டுப் பணத்தை மகன் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் விரைவில் தோற்றுவிட்டு வா, அதன் பிறகு தெளிந்துவிடுவாய் என்ற கருத்தில் பேசி அனுப்பினார். அன்றோடு அந்த ஆசை வேரோடு அறுந்தது என்று டெஸ்லா தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

மின்சாரத் துறையில் அவர் செய்த பெருஞ்சாதனையைப் பாடநூல்களே சொல்வதால் இங்கே விரைந்து கடப்போம். 1882-இல் புடாபெஸ்ட் நகரப் பூங்கா ஒன்றில் நண்பரோடு உலவுகையில், சுழலும் காந்தப்புலம் என்ற எண்ணம் மின்னலென அவர் உள்ளத்தில் பளிச்சிட்டது. 1884-இல் நியூயார்க் சென்றார். எடிசனிடம் சில மாதங்கள் வேலை செய்தார், பிணங்கிப் பிரிந்தார், ஒரு காலம் கூலிக்குப் பள்ளம் தோண்டியும் வயிறு வளர்த்தார். 1888-இல் அவருடைய மாறுமின்னோட்ட மோட்டாரின் காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் வாங்கினார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சி அம்முறையால் ஒளிர்ந்தது. 1896-இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. இடையே இரண்டு அடிகள் விழுந்தன. 1892-இல் பாரிஸில் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தவர், தாய் சாகுந்தறுவாயில் இருப்பதறிந்து ஓடினார். கடைசி வேளையில்தான் காண முடிந்தது. 1895 மார்ச் 13 அன்று நியூயார்க் ஆய்வுக்கூடம் தீக்கிரையாயிற்று. இன்ஷ்யூரன்ஸ் ஏதுமில்லை. கருவிகளும் குறிப்புகளும் சாம்பலாயின.

நாம் நின்று பார்க்க வேண்டியது அதன் பின்னர் நிகழ்ந்ததைத்தான்.

1898-ஆம் ஆண்டு நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு மின்சாரக் கண்காட்சி. அங்கே ஒரு நீர்த்தொட்டி. அதில் நான்கடி நீளமுள்ள ஓர் இரும்புப் படகு. படகின் மேல் மெல்லிய கம்பங்களும் சிறு விளக்குகளும் இருந்தன. கயிறு இல்லை, கம்பி இல்லை, படகில் ஆளும் இல்லை. சற்றுத் தள்ளி நின்ற டெஸ்லா ஒரு சிறு பெட்டியின் கைப்பிடியைத் திருப்பினார். படகு நகர்ந்தது, திரும்பியது, நின்றது, விளக்குகளை ஏற்றி அணைத்தது. பார்த்தவர்கள் திகைத்தார்கள். மாயம் என்றார்கள் சிலர். உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றார்கள் சிலர். டெஸ்லாவுக்கும் வேடிக்கை காட்டுவதில் சிறிது மோகம் உண்டு. கூட்டத்தாரைக் கேள்வி கேட்கச் சொல்லி, படகு விடை சொல்வது போல விளக்கை மினுக்குவார். 64-இன் கனமூலம் என்ன என்று கேட்டால் விளக்கு நான்கு முறை மினுக்கும்! கணக்குப் போட்டவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

படகினுள்ளே இருந்தது என்ன? ஒரு சிறு உலோகத்தூள் குழாய், மின்கலங்கள், இரண்டு மோட்டார்கள், ஒரு படிச்சக்கரம். சாதாரண வேளையில் உலோகத்தூள் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. வானொலி அலை வந்து தாக்கியதும் துகள்கள் ஒன்றோடொன்று இணங்கி மின்சாரத்துக்கு வழிவிடும். வழிவிட்ட பின் மறுபடியும் பழைய நிலைக்கு வர வேண்டுமே! அதற்காக ஒவ்வொரு சைகைக்கும் குழாயே தலைகீழாகப் புரண்டு, தூளைக் குலுக்கிவிடும்படி டெஸ்லா அமைத்திருந்தார். இனி, அலையோ ஒரே விதமானது; கட்டளைகளோ பல. என்ன செய்வது? ஒவ்வொரு சைகை வரும்போதும் படிச்சக்கரம் ஒரு படி நகரும். ஒரு படியில் சுக்கான் இடப்புறம் திரும்பும். அடுத்த படியில் திரும்புவது நிற்கும். அதற்கடுத்த படியில் வலப்புறம். மீண்டும் ஒரு படி, நிறுத்தம். கையில் ஒரே ஓர் ஆணை, படகின் செயலோ நான்கு வகை.

இப்போது கார் ஷெட் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ரிமோட்டிலும் பெரும்பாலும் ஒரே பொத்தான்தான். முதல் அழுத்தில் கதவு ஏறும். இடையில் அழுத்தினால் நிற்கும். மறுபடி அழுத்தினால் இறங்கும். அழுத்துகிறவர் ஏறு, இறங்கு என்று சொல்வதில்லை. அடுத்ததைச் செய் என்று மட்டுமே சொல்கிறார். எது அடுத்தது என்பதை நினைவில் வைத்திருப்பது கதவின் இயந்திரம். டெஸ்லாவின் படிச்சக்கரம் செய்ததும் இதுதான்.

1898 ஜூலை 1 அன்று அவர் மனுச் செய்தார். நவம்பர் 8 அன்று காப்புரிமை கிடைத்தது. எண் 613,809. அலுவலகத்தின் தலைமைப் பரிசோதகர் நம்ப மாட்டாமல் நேரில் நியூயார்க் வந்து படகைப் பார்த்த பின்னரே அனுமதித்தார் என்று டெஸ்லா எழுதியிருக்கிறார். அவ்வாண்டு அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டிருந்தது. இது கடற்படைக்கு உதவும் என்று கருதி அவர் வாஷிங்டன் சென்றார். சாதனையை விவரித்தபோது அங்கிருந்த அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம்.

சிரித்தவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. காப்புரிமைப் பத்திரத்தைப் படித்தவர்க்கு ஓர் ஐயம் எழுவது இயற்கை. ஒரே ஓர் அலைக்குப் பணியும் படகானால், எதிரி வேறொரு பெட்டியைக் கொண்டு வந்து அதே அலையை எழுப்பினால் படகு யாருக்குச் சொந்தம்? இடி மின்னலின் அலைகூட அதை அசைத்துவிடுமே! இந்த ஐயத்துக்கு டெஸ்லாவிடம் விடை இருந்தது. தம் படகுகள் உண்மையில் ஒரு சுற்றால் அல்ல, பல சுற்றுகள் சேர்ந்தே இயங்கின என்றும், பிற அலைகளின் குறுக்கீட்டை அவ்வாறு அறவே விலக்கியதாகவும் அவர் பின்னாளில் எழுதினார். அப்படியானால் பத்திரத்தில் ஏன் சொல்லவில்லை? அந்த முறைக்குத் தனியாகக் காப்புரிமை பெறும் முன் வெளியிட வேண்டாம் என்பது வழக்கறிஞர்களின் ஆலோசனை. ஆகவே பத்திரத்தில் ஒற்றைச் சுற்றும் அனைவரும் அறிந்த தூள்குழாயும் மட்டுமே இடம் பெற்றன. வழக்கறிஞர் நோக்கில் அது சரியே. ஆனால் பெட்டகத்தைக் காட்டியவர் பூட்டைக் காட்டவில்லை. பூட்டில்லாப் பெட்டகத்தை விலை கொடுத்து யார் வாங்குவார்?

அந்தப் பூட்டை 1900 ஜூலையில் அவர் மனுவாகத் தந்தார். 1903-இல் இரு காப்புரிமைகளாக அது வெளிவந்தது. வங்கியில் நகைப் பெட்டகம் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு அதன் தத்துவம் உடனே விளங்கும். அங்கே வங்கியின் சாவி ஒன்று, வாடிக்கையாளரின் சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். டெஸ்லாவின் முறையில் அனுப்பும் கருவி வெவ்வேறு அதிர்வெண்ணுள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அலைகளை அனுப்பும். வாங்கும் கருவியில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு தனிச் சுற்று. எல்லாச் சுற்றுகளும் விழித்தால்தான் இயந்திரம் அசையும். ஒன்று மட்டும் விழித்தால் ஏதும் நடவாது. அலைகளின் எண்ணிக்கை கூடக் கூட, அயலார் தற்செயலாக அவற்றை ஒருசேர எழுப்புவது அரிதாகும்.

இந்தப் பூட்டு எவ்வளவு அவசியம் என்பதை அதே 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கூடியிருந்தோர் கண்ணாரக் கண்டனர். மார்க்கோனி தொலைவிலிருந்து அனுப்பும் செய்தியைப் பேராசிரியர் ஃபிளெமிங் பெற்றுக்காட்ட இருந்தார். செய்தி வருமுன் கருவி தானாகத் தட்டத் தொடங்கியது. வந்தது மார்க்கோனியைக் கேலி செய்யும் வாசகம்! நெவில் மாஸ்கலின் என்ற மந்திரவித்தைக்காரர் அருகிலிருந்து அலைகளை எழுப்பி அதை அனுப்பியிருந்தார்.

கார் ஷெட் கதவுகளின் கதையும் இதே வழியில்தான் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பரவிய ஆரம்ப காலக் கருவிகள் எளிய ஒற்றைச் சைகைக்குப் பணிந்தன. ஒரு வீட்டார் அழுத்த, அண்டை வீட்டுக் கதவு திறந்துகொண்டது. பின்னர் ரிமோட்டுக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் வரிசையாகச் சிறு சுவிட்சுகள் வைத்தார்கள். இரண்டிடத்திலும் ஒரே மாதிரி மேலும் கீழுமாகத் தள்ளி வைத்தால்தான் கதவு திறக்கும். எட்டு சுவிட்சுகளுக்கு 256 வகை, பன்னிரண்டுக்கு 4096 வகை. கணித மாணவியர் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆயினும் திருடன் ஒருவன் காற்றில் செல்லும் சைகையைப் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பினால் கதவு ஏமாந்துவிடும். எனவே 1990-களில் மாறிக்கொண்டே இருக்கும் எண் முறை வந்தது. ரிமோட்டும் இயந்திரமும் மட்டுமே அறிந்த இரகசிய ஒழுங்கில் ஒவ்வோர் அழுத்துக்கும் ஒரு புதிய எண் பிறக்கும். ஒரு முறை பயன்பட்ட எண், நடத்துநர் கிழித்த பஸ் டிக்கெட் போன்றது, மறுபடி செல்லாது.

புதிய ரிமோட்டை இயந்திரத்துக்கு அறிமுகம் செய்து வைப்பது எப்படி என்று பலர் மலைக்கிறார்கள். மலைக்க ஒன்றுமில்லை. கூரையில் தொங்கும் மோட்டார் பெட்டியில் லேர்ன் எனப்படும் ஒரு சிறு பொத்தான் இருக்கும். கற்றுக்கொள் என்று பொருள். அதை ஒரு முறை தட்டி விட்டால் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரியும். பெரும்பாலான வகைகளில் அரை நிமிடத்துக்குள் ரிமோட்டின் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டியின் விளக்கு மினுக்கினாலோ டிக் என்ற ஒலி கேட்டாலோ இயந்திரம் தன் எசமானரை அறிந்துகொண்டது என்று கொள்ளலாம். லேர்ன் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் நேர்மாறு; அதுவரை கற்ற எல்லா ரிமோட்டுகளையும் அது மறந்துவிடும். ரிமோட் தொலைந்து போனால் செய்ய வேண்டியது இதையே. எல்லாவற்றையும் மறக்கச் செய்து, வீட்டில் மீதியுள்ளவற்றை மட்டும் மறுபடி கற்பித்தால், தொலைந்ததைக் கண்டெடுத்தவன் அழுத்தினாலும் கதவு அசையாது.

கதவு திறக்க மறுத்தால், முதலில் சுவரிலுள்ள பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் குறை ரிமோட்டில் இல்லை, மின்சாரத்திலோ மோட்டாரிலோதான். சுவர்ப் பொத்தானுக்கு மட்டும் பணிந்தால் ரிமோட்டின் மின்கலத்தை மாற்றுக. பெரும்பாலும் அது காசு போன்ற ஒரு வட்டக் கலம். பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. மின்கலம் சரியாயிருந்தும் பயனில்லையென்றால் சுவர்ப் பலகையில் பூட்டுப் பொத்தான் ஒன்று இருக்கும். வெளியூர் போகும்போது ரிமோட்டுகளைச் செயலிழக்கச் செய்ய வைத்தது. யாராவது தெரியாமல் அதை அழுத்தியிருப்பார்கள். அருகில் வந்தால்தான் கதவு திறக்கிறது என்றால், மோட்டார் பெட்டியிலிருந்து தொங்கும் ஆண்டெனாக் கம்பி சுருண்டு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. பல்பையும் ஐயுறலாம். சில மலிவான பல்புகள் தாமே வானொலி இரைச்சலை எழுப்பி ரிமோட்டின் குரலை அமுக்கிவிடும். பல்பைக் கழற்றிச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். 2004, 2005 ஆண்டுகளில் அமெரிக்க ராணுவத் தளங்கள் சிலவற்றின் சுற்றுப்புறத்தில் வீட்டுக் கதவுகள் பல ஒருசேர முரண்டு பிடித்தன. தளங்களின் புதிய வானொலிக் கருவிகள் அதே அதிர்வெண் பகுதியில் பேசத் தொடங்கியதே காரணம். டெஸ்லா அஞ்சிய குறுக்கீடு நூறாண்டு கழித்தும் ஓயவில்லை பாருங்கள்.

கதவு பாதி இறங்கி மறுபடி ஏறினால் அது பழுதல்ல, காவல். வாசலின் இருபுறமும் தரையோரம் இரண்டு ஒளிக்கண்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். இடையில் குழந்தையோ நாயோ புகுந்தால் கதவு திரும்பிவிடும். சிலந்திவலை படிந்தாலும் அப்படியே ஆகும். கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் மாண்ட பிறகு, 1993 முதல் அமெரிக்காவில் செய்யப்படும் கருவிகளுக்கு இத்தகைய காவலைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆகவே ஒளிக்கண்ணைத் துடைத்து நேராக்கலாமே தவிர, ஒருபோதும் அதை ஏமாற்றி வைக்கலாகாது.

டெஸ்லாவிடம் திரும்புவோம்.

படகை அவர் வெறும் போர்க்கருவியாக எண்ணவில்லை. மனிதனின் கடின வேலைகளைத் தாங்கும் இயந்திர இனத்தில் அதுவே முதற்குழந்தை என்று கருதினார். இயந்திரங்கள் இயந்திரங்களோடு பொருதும் நாள் வந்தால், மனிதர் போரில் மடியத் தேவையில்லாமல் போர் என்பதே பொருளற்றுப் போகும் என்றும் நம்பினார். நல்ல நம்பிக்கை, வரலாறு அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1901-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கம்பியில்லாமல் உலகெங்கும் செய்தியும் மின்சாரமும் அனுப்ப 187 அடி உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். கோடீசுவரர் மார்கன் 1,50,000 டாலர் தந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து சைகை அனுப்பிவிட்டார். மேலும் பணம் கேட்டபோது மார்கன் கைவிரித்தார். 1917-இல் கோபுரம் இடித்து விற்கப்பட்டது. படகின் காப்புரிமையோ 17 ஆண்டுகள் முடிந்து 1915-இலேயே காலாவதியாகியிருந்தது. அதற்குள் ஹாமண்ட் போன்ற இளைஞர்கள் வானொலிப் படகுகளில் ஈடுபட்டு, குறுக்கீட்டை வெல்லும் வழிகளைத் தேடத் தொடங்கியிருந்தனர்.

1917-இல் அமெரிக்க மின்பொறியாளர் சங்கம் அவருக்கு எடிசன் பதக்கம் அளித்தது. யார் பெயரிலான பதக்கம் என்பதைக் கவனியுங்கள்! விழாவின் நடுவே ஆளைக் காணாமல் தேடினார்களாம். பக்கத்துப் பூங்காவில் புறாக்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார். அவர் மணம் புரியவில்லை. ஓட்டல் அறைகளிலேயே வாழ்ந்தார். வாடகை பாக்கி நிற்க, ஓட்டல் விட்டு ஓட்டல் மாறினார். 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அறை வாடகையும் மாதம் 125 டாலரும் கொடுத்து வந்தது. 1937-இல் வீதியைக் கடக்கையில் கார் மோதியது. மருத்துவரைக் காண மறுத்துவிட்டார். உடல் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. 1943 ஜனவரி 7 அன்று நியூயார்க்கர் ஓட்டல், 33-ஆம் மாடி, 3327-ஆம் எண் அறையில் தனிமையில் உயிர் நீத்தார். வயது 86.

அவர் மறைந்த எட்டாம் மாதம், செப்டம்பர் 9 அன்று, சார்டினியாத் தீவுக்கருகே ரோமா என்ற இத்தாலியப் போர்க்கப்பலை ஜெர்மானியர் வானொலியால் வழிநடத்திய குண்டுகளால் மூழ்கடித்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அக்குண்டை வழிநடத்தும் அதிர்வெண்களை நேச நாட்டார் கண்டறிந்து, அவற்றின் மேல் தம் இரைச்சலை ஏவி, பின்னர் அதன் கொட்டத்தை அடக்கினார்கள். குண்டை எய்தவர்கள் அதற்குத் தக்க பூட்டைப் போட்டிருக்கவில்லை.

நியூயார்க் புனித யோவான் பேராலயத்தில் ஜனவரி 12 அன்று நடந்த அடக்கச் சடங்குக்கு ஈராயிரம் பேருக்கு மேல் வந்திருந்தனர். உடல் தகனம் செய்யப்பட்டது. அவர் விட்டுச் சென்ற பெட்டிகளும் தாள்களும் பிற்பாடு யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் நகருக்குச் சென்று அங்கே ஒரு காட்சிசாலையாயின. 1957-இல் அவருடைய சாம்பலும் அங்கு கொண்டு செல்லப்பட்டு, பொன்முலாம் பூசிய ஓர் உலோக உருண்டைக்குள் வைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1960-இல், உலக அளவை மாநாடு காந்தப் பாய அடர்த்தியின் அலகுக்கு டெஸ்லா என்று பெயரிட்டது.